பப்ஜி மொபைலில் கடைசி வட்டம் வரை வந்தும் வெல்ல முடியாமல் போவது ஏன்?

கடைசிப் பத்துப் பேருக்குள் அடிக்கடி வந்தும் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சுடுவதில் உள்ள குறையைவிட, எங்கே நிற்கிறோம் என்பதில் உள்ள குறையே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

எராங்கல் வரைபடம் 8 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. அதில் 100 பேர் இறங்குகிறார்கள். அதிலுள்ள போச்சின்கி என்ற ஊரில் குதிப்பவர்களில் பலர் முதல் சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிடுவதால், இறங்கும் இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது நகரும் நேரத்தைத்தான். அடுத்த பாதுகாப்பான பகுதியைக் காட்டும் வெள்ளை வட்டம் வரைபடத்தில் தெரிந்ததுமே, வெளியே இருப்பவர்களின் உயிரளவைக் குறைத்தபடி சுருங்கிவரும் நீல வளையம் நெருங்கும்வரை காத்திராமல், வட்டத்தின் உள்விளிம்பை ஒட்டிய மேட்டையோ பாறையையோ பிடித்துவிடுங்கள். பிறகு உங்கள் முதுகுப் பக்கமாக வருபவர்கள், வளையத்துக்குப் பயந்து வெட்டவெளியில் ஓடி வருபவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்.

கடைசி வட்டம் மறைவே இல்லாத புல்வெளியில் அமைவதும் உண்டு. அதற்காகவே நான் தோட்டாக்களைக் குறைத்துக்கொண்டு நான்கு புகைக்குண்டுகளையாவது பையில் வைத்திருப்பேன். முதல் குண்டை எதிரிக்கும் எனக்கும் நடுவில் எறிந்து, புகை நன்றாகப் பரவும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்து, அதன் பிறகே நகர்வேன்.

முதலுதவிப் பெட்டி உயிரளவை 75 விழுக்காடு வரைதான் ஏற்றும். ஆகவே, இறுதிச் சண்டைக்கு முன்பே எனர்ஜி டிரிங்க்கையும் வலிநிவாரணியையும் பயன்படுத்திவிடுங்கள். உயிரளவு சிறிது சிறிதாக ஏறுவதோடு, ஓட்டத்தின் வேகமும் கூடும்.