பத்திரம் கணினியில், அசல் பீரோவில்

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். பத்திரம், பட்டா, வரி ரசீது, மருத்துவ அறிக்கை, காப்பீட்டுப் பாலிசி என்று பீரோவில் இரண்டு தட்டு நிறையக் காகிதம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இவற்றை வெளியார் சர்வரில் ஏற்ற மனமில்லை. பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட், மாயன், பேப்பர்லெஸ் என மூன்று திறமூல மென்பொருள்களை மகன் சொல்கிறான். எதை நிறுவலாம்?

பதில்: பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ். மகன் சொன்ன பேப்பர்லெஸின் இப்போதைய வடிவம் இது; கீழே பேப்பர்லெஸ் என்றே சுருக்கிச் சொல்கிறேன்.

மாயன் அலுவலகத்துக்கானது. ஒரு கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதையெல்லாம் நிர்வகிக்கும். உங்கள் வீட்டில் தண்ணீர் வரி ரசீதுக்கு யாரிடம் ஒப்புதல் வாங்கப்போகிறீர்கள்? நெக்ஸ்ட்கிளவுட் நல்ல பீரோ; வைத்ததை வைத்த இடத்தில் தரும். ஸ்கேன் செய்த தாளுக்குள் இருக்கும் எழுத்தைத் தேட வேண்டுமானால் கூடுதல் செயலிகளைப் பூட்டவேண்டும்.

பேப்பர்லெஸ் ஒரு கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அதில் ஸ்கேன் வந்து விழுந்ததும் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் முறை) மூலம் எழுத்தைப் படித்து, தேடலுக்குப் பதிந்துகொண்டு, நெடுங்காலம் சேமிக்க ஏற்ற பிடிஎஃப்/ஏ வடிவில் ஒரு பிரதி எடுக்கும். நீங்கள் கொடுத்த மூலக் கோப்பையும் தொடாமல் வைத்திருக்கும். அனுப்புநர், வகை, குறிச்சொல் ஆகியவற்றைத் தொடக்கத்தில் கையால் இட்டுப் பழக்கினால், பிறகு தானே ஊகித்து இடும்.

நான் இதைப் பரிந்துரைக்க முதல் காரணம் வேறு: இதை விட்டு வெளியேறுவது சுலபம். கோப்புகள் வட்டில் சாதாரண பிடிஎஃப்களாகவே இருக்கும். ஆண்டு, அனுப்புநர், தலைப்பு என்று கோப்புறைகளை அடுக்கும் முறையையும் நீங்களே வகுக்கலாம். இதன் முன்னோர்களான பழைய பேப்பர்லெஸ், பேப்பர்லெஸ்-என்ஜி இரண்டின் வளர்ச்சியும் ஒவ்வொன்றாக நின்றுபோனது. நிரல் திறந்திருந்ததால் 2022இல் ஒரு குழு எடுத்து என்ஜிஎக்ஸ் என்று தொடர்ந்தது. நாளை இதுவும் நின்றால் உங்கள் பட்டா உங்களிடமே இருக்கும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் தமிழ்தான். ஓசிஆர் வேலையைச் செய்யும் டெசராக்ட் என்ற மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் நிறுவும்போது கூடவே வருபவை ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும் மட்டுமே. தமிழை இரண்டு இடங்களில் குறிப்பிடவேண்டும்: மொழிப்பொதியை இறக்கும்படி ஓர் அமைப்பில், தமிழும் ஆங்கிலமும் கலந்து படிக்கும்படி இன்னொன்றில். இரண்டாவதை மறந்துவிட்டு, மின்கட்டண அட்டை முழுவதும் ரோமன் எழுத்துக் குப்பையாக வந்ததைப் பார்த்து நானே தலையில் கைவைத்தேன்.

அடுத்த சிக்கல் பழைய எழுத்துருக்கள். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்திய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கொட்டும். பேப்பர்லெஸ் வழக்கமாக, எழுத்து ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் திரும்பப் படிப்பதில்லை. அத்தகைய கோப்புகளை மட்டும் கட்டாய ஓசிஆர் முறையில் ஏற்றுங்கள். கையெழுத்துப் பத்திரத்தை எந்த முறையில் ஏற்றினாலும் நம்பிப் பயனில்லை. தலைப்பிலேயே ஊர், புல எண், ஆண்டு என்று தட்டிவிடுங்கள். கடவுச்சொல் போட்ட இ-ஆதார் போன்றவற்றைப் பூட்டை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். பூட்டிய கோப்பில் ஓசிஆர் நடக்காது.

பழைய கணினியில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். ஓசிஆர் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். டாக்கர் (மென்பொருளை அதன் தேவைகளோடு ஒரே பொட்டலமாக இயக்கும் கருவி) வழியாக நிறுவுவது எளிது, அதை மகனிடம் விடுங்கள். ஆனால் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். பேப்பர்லெஸ் கோப்புகளை மறையாக்கம் செய்யாது, அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றாது. ஆகவே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யவேண்டும். வெளியூரிலிருந்து பார்க்க ரௌட்டரில் வாசல் திறந்துவிடக் கூடாது. வயர்கார்டு போன்ற விபிஎன் (இணையத்தில் மறையாக்கம் செய்த தனிப்பாதை) வழியாகவே உள்ளே வரவேண்டும்.

காப்புப் பிரதிக்கு இதிலேயே ஏற்றுமதிக் கட்டளை உண்டு; கோப்புகளோடு குறிச்சொற்களும் வெளியே வரும். அதை ஒரு வெளி வட்டில் எடுத்து, மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள். திரும்ப ஏற்றும்போது பேப்பர்லெஸின் பதிப்பு எண் ஒத்துப்போகவேண்டும் என்பதால் அதை வட்டின் மேல் ஒட்டிவிடுங்கள்.

ஸ்கேன் செய்தாயிற்றே என்று அசலைக் கழித்துவிடாதீர்கள். வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்பது அசல் பத்திரத்தைத்தான். பேப்பர்லெஸில் காப்பக வரிசை எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 1, 2, 3 என்று எண் கொடுத்து, அதே எண்ணைத் தாளிலும் பென்சிலால் குறித்து, பீரோவில் எண் வரிசையில் அடுக்குங்கள். திரையில் தேடினால் 47 என்று வரும். பீரோவில் 47ஐ உருவவேண்டியதுதான். அசல் சொத்துப் பத்திரம் என்றால் மட்டும் எண்ணைத் தாளில் எழுதாமல் உறையின் மேல் எழுதுங்கள்.