பச்சைப் புள்ளி இருந்தும் கடிதம் ஏன்?

சகோதரி, தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் ஒன்றும் கேட்காத ஹலால் சான்றிதழ் அதிகாரி வெண்ணெய் பிஸ்கட்டுக்கு மட்டும் தயாரிப்பாளரின் கடிதம் கேட்கிறார், பொட்டலத்தில் சைவம் என்று குறிக்கும் பச்சைப் புள்ளியைக் காட்டியும் ஏற்கவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவர் உங்களைச் சந்தேகிக்கவில்லை.

தேன்குழலில் இருப்பது அரிசி, உளுந்து, எண்ணெய், உப்பு. பிஸ்கட்டில் நீங்கள் சேர்க்கும் 471 என்ற பால்மமாக்கியோ (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் செய்யும் பொருள்) கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. அது பனை எண்ணெயாகவும் இருக்கலாம், பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். தூளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வேதியியல் தெரிந்த அதிகாரிக்குத்தான் அந்த இடத்தில் நின்று கேட்கத் தோன்றும். பச்சைப் புள்ளி அந்த ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஆனால் வெனிலா எசென்ஸ்? அதில் எத்தனால், அதாவது மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால், கரைப்பானாக இருக்கலாம். எத்தனால் விலங்குப் பொருள் அல்ல, ஆகவே பச்சைப் புள்ளி அதைக் காட்டிக்கொடுக்காது.

இவற்றை விற்கும் காரைக்குடிக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தயாரிப்பாளரிடமே 471-இன் மூலத்தையும் எசென்ஸின் கரைப்பானையும் எழுதி வாங்குங்கள். எத்தனாலுக்குப் பதிலாகப் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் கரைத்த எசென்ஸும் விற்கிறது. அதற்கு மாறினால் வேலை எளிது. மலேசியாவுக்கு அனுப்புவதால், சான்றளிக்கும் அமைப்பை ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அங்கீகரித்திருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.