கேளுங்க சொல்றேன்: அனலா கொதிக்கிற உடம்பு ஏன் நடுங்குது?

இந்த தடவை வந்து குவிஞ்ச கேள்விகள்ல பாதிக்கு மேல காய்ச்சல், கொசு, அம்மைன்னு உடம்பு சமாச்சாரம் தான், மீதி எல்லாம் வானம். ரெண்டுலயும் ஒரு விஷயம் பொதுவா இருந்துச்சு, நமக்கு தோணுறது ஒண்ணு, உண்மையில நடக்குறது வேற ஒண்ணு. சரி ஆரம்பிப்போம், வரிசை என் இஷ்டம்.

கேள்வி: தெர்மாமீட்டர்ல 102 காட்டுது, தொட்டா சுடுது, ஆனா படுத்திருக்கிறவர் மட்டும் "குளிருது, இன்னொரு போர்வை குடு"ன்னு பல்லு கிடுகிடுக்க நடுங்குறாரே, இது எப்படிங்க?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. மூளைக்கு அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன இடம் இருக்கு, உடம்பு சூட்ட எவ்வளவுல வைக்கணும்னு முடிவு பண்றது அது தான். சாதாரணமா 37 டிகிரி செல்சியஸ் பக்கத்துல வச்சிருக்கும். கிருமி உள்ள வந்ததும் நம்ம ரத்தத்துல இருக்கிற காவல்கார செல்கள் சில ரசாயனங்கள அனுப்பி தகவல் சொல்லும், உடனே அந்த இடத்துல ப்ரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் உருவாகி, 37ன்னு இருந்த குறிய 39க்கு (நீங்க சொன்ன 102 ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல கிட்டத்தட்ட இது தான்) ஏத்தி வச்சிடும், கீசர்ல முள்ள திருகி ஏத்தி வைக்கிற மாதிரி.

இப்ப பாருங்க, குறி 39, ஆனா உடம்பு இன்னும் 37ல தான் நிக்குது. மூளையோட கணக்குப்படி உடம்பு 2 டிகிரி "ஜில்லுன்னு" இருக்கு! அதனால குளிர்ல என்னென்ன பண்ணுமோ அது அத்தனையும் பண்ணும். தோலுக்கு போற ரத்தக்குழாய சுருக்கும் (அதான் நெத்தி கொதிக்கும்போது கை கால் மட்டும் சில்லுன்னு இருக்கும், தொட்டு பாத்திருப்பீங்க), மயிர் சிலிர்க்கும், தசைய படபடன்னு ஆட்டி சூடு உண்டாக்கும். அந்த ஆட்டம் தான் நடுக்கம். 39அ தொட்டதும் நடுக்கம் நின்னுடும். அப்புறம் மாத்திரை போட்டோ, தானாவோ குறி மறுபடி 37க்கு எறங்கும், இப்ப உடம்பு 2 டிகிரி "ஓவர் சூடு", உடனே வேர்த்து கொட்டும். "வேர்த்துடுச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு"ன்னு சொல்றோமே, காய்ச்சல் எறங்க ஆரம்பிச்சதால தான் வேர்க்குது. பாராசிட்டமால் கிருமிய ஒண்ணும் பண்றதில்ல, மூளையில அந்த ப்ரோஸ்டாகிளாண்டின் உருவாகுறத குறைக்குது, அவ்வளவு தான்.

இவ்வளவு மெனக்கெட்டு உடம்பு ஏன் சூடாகணும்னு அடுத்து கேப்பீங்க, பதில் பல்லிகிட்ட இருக்கு. பல்லிக்கு நம்மள மாதிரி உள்ளுக்குள்ளயே சூடு உண்டாக்க தெரியாது, வெயில் இருக்கிற இடத்துக்கு நடந்து போனா தான் சூடு. 1975 வாக்குல பாலைவன இகுவானாங்கிற பல்லி இனத்த வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. கிருமி ஏத்துன பல்லிங்க தானா போய் வழக்கத்த விட சூடான இடத்துல உக்காந்துக்கிச்சு. சூடான எடத்துல வச்சதுங்க நெறைய பொழைச்சது, சூடாக விடாம வச்சதுங்க நெறைய செத்துப்போச்சு. அதாவது காய்ச்சலும் ஒரு ஆயுதம் தான். இத இன்னும் ஒரு படி மேல கொண்டு போனவர் ஆஸ்திரியா டாக்டர் வாக்னர் யாவ்ரெக். சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய் மூளைய தாக்குன நோயாளிங்களுக்கு வேணும்னே மலேரியா ஏத்தி, அந்த காய்ச்சல் சூட்டுல சிபிலிஸ் கிருமிய கொல்ல பாத்தாரு, அதுக்கு 1927ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஒரு நோய வெரட்ட இன்னொரு நோய்! சிகிச்சையிலயே கொஞ்ச பேர் செத்தாங்க, பென்சிலின் வந்ததும் அந்த வைத்தியத்த மூட்டை கட்டிட்டாங்க. அதுக்காக காய்ச்சல் நல்லதுன்னு சும்மா இருந்துடாதீங்க, ரொம்ப ஏறுனாலோ, நாள் கணக்கா விடாம இருந்தாலோ, கைக்குழந்தைக்கு வந்தாலோ டாக்டர்கிட்ட போயிடணும்.

கேள்வி: சளி புடிச்சா ஆன்ட்டிபயாடிக் போட்டா சீக்கிரம் போயிடுமா?

பதில்: போகாது. சளி வைரஸ், அந்த மருந்து பாக்டீரியாவுக்கு. அடுத்த கேள்வி.

கேள்வி: கொசு டெங்குவ பரப்புது, மலேரியாவ பரப்புது, எல்லாம் ரத்தம் வழியா தானே, அப்ப எய்ட்ஸ் இருக்கிறவர கடிச்ச கொசு நம்மள கடிச்சா எய்ட்ஸ் ஏன் வர்றதில்ல? ரொம்ப நாளா பயமாவே இருக்கு.

பதில்: பயத்த விடுங்க, வரவே வராது. ஏன்னு புரியணும்னா கொசுவோட மூக்க கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். நாம ஒரு ஊசின்னு நெனைக்கிறோம், உண்மையில அது ஒரு உறை, உள்ள 6 ஊசி இருக்கு. ரெண்டுல ரம்பம் மாதிரி பல்லு, தோல அறுக்க. இன்னும் ரெண்டு, அறுத்த எடத்த விரிச்சு புடிச்சுக்க. அஞ்சாவது ஊசி வழியா எச்சிய உள்ள எறக்கும், ரத்தம் உறையாம இருக்க. ஆறாவது வழியா தான் ரத்தத்த உறிஞ்சும். இதுல முக்கியமான பாயிண்ட், எச்சி போற பாதை வேற, ரத்தம் வர்ற பாதை வேற. சிரிஞ்ச் மாதிரி முன்ன உறிஞ்சின ரத்தத்த அடுத்த ஆளுக்குள்ள பீச்சுற வேலையே இல்ல. (அரிப்பு வர்றதும் அந்த எச்சியால தான், நம்ம உடம்பு அத எதிர்த்து கெளம்புறதுல வீங்குது.)

அப்ப ஒரு கிருமி கொசு வழியா பரவணும்னா என்ன பண்ணனும்? கொசு வயித்துக்குள்ள போய், செரிச்சு போகாம தப்பிச்சு, வயித்து சுவர தாண்டி, பெருகி, எச்சி சுரப்பி வரைக்கும் போய் உக்காரணும். டெங்கு வைரஸ் இத செய்யும், ஆனா அதுக்கே ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அது வரைக்கும் அந்த கொசு கடிச்சாலும் டெங்கு வராது. மலேரியா கிருமியும் அப்படித்தான், ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி ஒரு கொசுவோட வயித்த அறுத்து மைக்ராஸ்கோப்ல வச்சு பாத்தப்ப தான் வயித்து சுவர்ல மலேரியா கிருமி வளர்றது மொத மொதல்ல தெரிஞ்சுச்சு. எய்ட்ஸ் வைரஸ் வளர்றதுக்கு மனுஷனோட ஒரு வகை வெள்ளை அணு வேணும், கொசுகிட்ட அது கிடையாது. போன ரத்தத்தோட சேந்து வைரஸும் செரிச்சு போயிடும். கொசுவுக்கு அது சாப்பாடு, அவ்வளவு தான்.

ஆண் கொசு கடிக்காதுங்கிறது உங்களுக்கே தெரியும், முட்டை வளர ரத்தம் தேவைப்படுறதால பெண் கொசு மட்டும் தான் கடிக்கும்.

கேள்வி: சின்னம்மை ஒரு தடவை வந்தா மறுபடி வராதுங்கிறாங்க. சின்ன வயசுலயே அம்மை வந்து போன ஒருத்தருக்கு 60 வயசுல அக்கி வந்துச்சு, டாக்டர் அதே வைரஸ்ங்கிறாரே?

பதில்: டாக்டர் சொன்னது சரி. அம்மை எறங்குனதும் வைரஸ் போயிட்டதா நாம நெனைக்கிறோம், அது எங்கயும் போகல, முதுகெலும்பு பக்கத்துல இருக்கிற நரம்பு முடிச்சுக்குள்ள போய் சத்தமில்லாம படுத்துக்கும், 40 வருஷம் 50 வருஷம் ஆனாலும் படுத்தே இருக்கும். வயசாகி எதிர்ப்பு சக்தி கொறையும்போது எழுந்து, அந்த ஒரு நரம்ப புடிச்சுக்கிட்டே தோல் வரைக்கும் வரும். அதான் அக்கி பெரும்பாலும் உடம்புல ஒரு பக்கமா மட்டும், பட்டை அடிச்ச மாதிரி வருது, அந்த பட்டை அந்த நரம்போட எல்லை. அக்கி வந்தவர்கிட்ட இருந்து அம்மை வராத ஒருத்தருக்கு தொத்துனா அவருக்கு வர்றது அக்கி இல்ல, சின்னம்மை. அக்கி வந்தா தள்ளி போடாதீங்க, வைரஸுக்கான மாத்திரைய மொத மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும், கண்ணு பக்கத்துல வந்துருந்தா அன்னிக்கே ஓடணும்.

இன்னொரு தமாஷ், விண்வெளிக்கு போறவங்க உமிழ்நீர சோதிச்சு பாத்தப்ப இந்த மாதிரி உள்ள தூங்கிட்டிருந்த வைரஸ்கள் அங்க எழுந்துக்கிறது தெரிஞ்சுச்சு, அம்மை வைரஸும் அதுல சேர்த்தி. மன அழுத்தம், தூக்கம் கெட்டுப்போறதுன்னு பல காரணம். சரி, விண்வெளின்னு வந்தாச்சு, அந்த கேள்விக்கே போயிடலாம்.

கேள்வி: விண்வெளி நிலையத்துல புவியீர்ப்பு இல்லாததால தான மெதக்குறாங்க? அப்ப நிலா மட்டும் எப்படி பூமிய சுத்துது?

பதில்: கேள்வியோட ரெண்டாவது பாதி மொத பாதிய காலி பண்ணிடுச்சு பாருங்க! நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அதையே பூமி இழுத்து புடிச்சிருக்குன்னா, வெறும் 400 கிலோமீட்டர் ஒசரத்துல இருக்கிற விண்வெளி நிலையத்த விட்டுடுமா? அந்த ஒசரத்துலயும் இங்க இருக்கிற ஈர்ப்புல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு. 400 கிலோமீட்டர் ஒசரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி மேல எடை மெஷின் வச்சு 60 கிலோ ஆள் ஏறி நின்னா 53 காட்டும், மெதக்க எல்லாம் மாட்டார்.

அப்ப ஏன் மெதக்குறாங்க? விழுந்துக்கிட்டே இருக்காங்க. நிலையமும் விழுது, உள்ள இருக்கிறவங்களும் விழறாங்க, பேனாவும் விழுது, எல்லாம் ஒரே வேகத்துல. நிலையம் ஒரு செகண்டுக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டுல பறக்குது, அதே செகண்ட்ல பூமிய பாத்து 4.3 மீட்டர் விழுது. ஆனா பூமி உருண்டைங்கிறதால அந்த 7.7 கிலோமீட்டர் போறதுக்குள்ள தரையும் அதே 4.3 மீட்டர் வளைஞ்சு கீழ போயிடுது. விழுது, விழுது, தரை மட்டும் கிட்ட வரவே மாட்டேங்குது. இப்படியே ஒண்ணரை மணி நேரத்துல ஒரு சுத்து.

நம்ப முடியலன்னா ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து அடிப்பக்கம் ஓட்டை போட்டு, தண்ணி ஊத்தி, மூடிய தெறந்து வைங்க, தண்ணி ஓட்டை வழியா பீச்சி அடிக்கும். இப்ப அப்படியே ஒசரத்துல இருந்து கைய விடுங்க, கீழ விழற அந்த அர செகண்டு தண்ணி வெளிய வராது, நின்னுடும். போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்தா அழகா தெரியும். பாட்டிலும் தண்ணியும் சேந்து விழும்போது தண்ணி பாட்டில அழுத்தாது, அந்த அர செகண்டுக்கு உங்க பாட்டிலும் விண்வெளி நிலையமும் ஒண்ணு தான். (வீட்டுக்குள்ள செஞ்சுட்டு திட்டு வாங்குனா நான் பொறுப்பில்ல.)

அங்க அழுதா கூட கண்ணீர் கீழ விழாது. கிறிஸ் ஹாட்ஃபீல்ட்ங்கிற கனடாக்காரர் 2013ல அங்க இருந்தப்ப கண்ணுல தண்ணிய விட்டு காட்டுனாரு, அது கன்னத்துல வழியல, கண்ணு மேலயே ஜெல்லி மாதிரி உருண்டையா ஒட்டிக்கிட்டு பெருசாயிட்டே போச்சு.

கேள்வி: நிலா அடிவானத்துல இருக்கும்போது பெருசாவும் மேல ஏறுனதும் சின்னதாவும் ஆகுதே, கிட்ட வந்துட்டு போகுதா?

பதில்: சொன்னா சண்டைக்கு வருவீங்க, அடிவானத்துல இருக்கும்போது நிலா நம்மகிட்ட இருந்து தூரம் தான் ஜாஸ்தி, தலைக்கு மேல வரும்போது பூமியோட ஆரம் அளவு, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர் வரைக்கும் கிட்ட வருது. சோதிச்சு பாருங்க, ஒரு கண்ண மூடிக்கிட்டு கைய நல்லா நீட்டி சுண்டு விரல் நகத்தால நிலாவ மறைங்க. அடிவானத்துலயும் மறையும், உச்சியிலயும் அதே மாதிரி மறையும். குனிஞ்சு ரெண்டு காலுக்கு நடுவுல தலைகீழா பாத்தா அந்த பெரிய நிலா பல பேருக்கு சுருங்கி போயிடும், நான் பாத்துட்டேன், பக்கத்துல ஆள் இல்லாத நேரமா பாருங்க. மூளை ஏன் இப்படி ஏமாறுதுங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் ஒத்துப்போகல.

கேள்வி: மொத மழைக்கு வர்ற மண் வாசனை உண்மையில மண்ணோடதா?

பதில்: மண்ணுல வாழுற பாக்டீரியாவோடது. ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு ஒரு வகை, அது உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கிற பொருள் தான் அந்த வாசனைக்கு முக்கிய காரணம், கூடவே வறண்ட நாள்ல செடிங்க விட்ட எண்ணெய்ப்பசையும் கல்லுல ஊறி கெடக்கும். 1964ல ஆஸ்திரேலியாவுல பேர், தாமஸ்னு ரெண்டு பேர் இந்த வாசனைக்கு பெட்ரிகோர்னு பேர் வச்சாங்க. நம்ம மூக்கு இதுல கில்லாடி, லட்சம் கோடி பங்கு காத்துல சில பங்கு ஜியோஸ்மின் இருந்தாலே புடிச்சுடும். 2015ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல அதிவேக கேமரா வச்சு பாத்தாங்க, மழைத்துளி மண்ணுல விழுந்து தட்டையாகும்போது அடியில குட்டி குட்டி காத்து குமிழி மாட்டிக்குது, அது சோடாவுல வர்ற மாதிரி மேல வந்து படபடன்னு வெடிச்சு வாசனைய தெளிக்குது. லேசான தூறலுக்கு தான் வாசனை தூக்கலா வரும், அடிச்சு ஊத்துனா கொறைஞ்சுடும், காரணம் இந்த குமிழி தான்.

பாக்டீரியாவுக்கு வாசனையால என்ன லாபம்? மண்ணுல ஸ்பிரிங்டெயில்னு எள்ளு சைஸ் பூச்சி ஒண்ணு இருக்கு, அது அந்த வாசனைய மோந்துக்கிட்டே வந்து பாக்டீரியாவ தின்னுட்டு, ஒடம்புல ஒட்டுன வித்துக்கள வேற எடத்துல கொண்டு போய் போடுது. நமக்காக வந்த வாசனை இல்ல அது, நாம நடுவுல மோந்துக்கிறோம்.

கேள்வி: செவ்வாயிலயும் சூரியன் மறையும்போது வானம் செவப்பாகுமா?

பதில்: அங்க உல்டா, பகல்ல வானம் செம்மண் கலர், சூரியன் மறையுற பக்கம் மட்டும் நீலமா இருக்கும். காத்துல இருக்கிற தூசி அவ்வளவு பொடி, அது நீல வெளிச்சத்த சூரியன சுத்தியே முன்பக்கமா அனுப்புது. அங்க போன ரோவர் வண்டிங்க படமே புடிச்சு அனுப்பிருக்கு.

கேள்வி: மின்னல் எவ்வளவு தூரத்துல விழுந்துச்சுன்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

பதில்: மின்னல் வெட்டுனதும் செகண்ட் எண்ண ஆரம்பிங்க, இடி கேட்டதும் நிறுத்தி 3ஆல வகுங்க, வர்றது கிலோமீட்டர். 9 வரைக்கும் எண்ணுனா 3 கிலோமீட்டர். 30க்குள்ள இடி கேட்டாலே வெளிய நிக்க கூடாது, உள்ள போயிடணும். எண்ண ஆரம்பிக்கிறதுக்குள்ளயே இடி கேட்டுடுச்சுன்னா கணக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஓடுங்க.