பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: 22 வருடங்களாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மேல் வகுப்புக்காரர்களுக்குத் தேர்வு முடிவு இருக்கிறது. சின்ன வகுப்பில் பிள்ளை முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் சந்தோஷம் இருக்கிறது. நடுவில் நிற்கும் எனக்கு என்ன கிடைத்தது?

பதில்: கிடைத்திருக்கிறது. கையில் சாட்சி இல்லை, அவ்வளவுதான். வருடத்தின் முதல் வாரத்தில் ஒரு தாள் கொடுத்து, 'எங்கள் வீட்டுக் காலை நேரம்' போன்ற தலைப்பில் 10 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். தேதி போட்டு, திருத்தாமல் எடுத்து வையுங்கள். கடைசி மாதத்தில் அதே தலைப்பு, அதே 10 நிமிடம். முன்கூட்டிச் சொன்னால் மனப்பாடம் செய்து வந்துவிடுவார்கள். முதல் தாளில் சிவப்பு மை பட்டாலோ, அடுத்ததில் நிச்சயமாகத் தெரிந்த நாலு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பிழைகளை எண்ணாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். இணைப்புச் சொற்களைப் பாருங்கள். முதல் தாளில் 'அண்ட்', 'தென்' என்று ரயில் பெட்டி மாதிரி கோத்திருக்கும். இரண்டாவதில் ஒரு 'பிகாஸ்' வந்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு 'ஆல்தோ'. அதே வாக்கியத்தில் 'பட்'டும் வந்து நிற்கும். தப்புதான், நிற்கட்டும்!

இன்னொன்று: முதலில் 'வென்ட்' என்று சரியாக எழுதிய பிள்ளை, இப்போது 'கோ'வின் வாலில் 'ஈடி'யை ஒட்டியிருக்கும். படித்தது மறந்துவிட்டதோ என்று தோன்றும். அப்படியல்ல. அன்றைய 'வென்ட்' காதில் விழுந்து தங்கிய சொல். இன்று இறந்தகால விதி பிடிபட்டு, அகப்பட்ட வினைக்கெல்லாம் அதை மாட்டிப் பார்க்கிறது. உங்கள் பாடம் உள்ளே போனதால் வந்த தப்பு அது.

கேள்வி: 'ஹி', 'ஷி' வந்தால் வினையில் 'எஸ்' சேர வேண்டும் என்று எத்தனை வருடம்தான் கத்துவது?

பதில்: ஆங்கிலம் கற்பவர்களுக்கு 'ஐஎன்ஜி' சீக்கிரம் படியும், இந்த 'எஸ்' தாமதமாகத்தான் படியும். யார் என்பதை 'ஹி' ஏற்கெனவே சொல்லிவிடுவதால், 'எஸ்' விட்டுப்போனாலும் பொருள் கெடுவதில்லை. அதனால் விதி தெரிந்த பிள்ளையும் வேகத்தில் விட்டுவிடும். எழுதி முடித்ததும் 2 நிமிடம் கொடுங்கள். 'ஹி', 'ஷி', 'இட்' வரும் இடங்களை வட்டமிட்டு, அடுத்த வினையை விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

நீங்களும் ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். 40 நோட்டு, நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் 2 மணி நேரத்தில் முடியும். எல்லாவற்றையும் திருத்த 8 நிமிடம் வீதம் 5 மணி நேரத்துக்கு மேல் போகும். பிள்ளையோ மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும்.

கேள்வி: படித்துப் போனவர்கள் மேல் வகுப்பு ஆசிரியர்களைத்தானே தேடி வருகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். உங்களைத் தேடி வருகிற ஒன்றிரண்டு பேரும் இலக்கணத்தைப் பேச மாட்டார்கள், வகுப்பில் நீங்கள் வாய்விட்டு வாசித்த கதையைத்தான் சொல்வார்கள். வாரத்தில் 15 நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். வாசித்த கதையிலிருந்து கேள்வி கேட்காதீர்கள். கதையில் கதவு மெல்லத் திறக்கும் இடத்தில் மணி அடிக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.