பக்கத்தில் ஆலை இல்லை. உருளைக்கிழங்கு இலையில் ஓசோன் புள்ளி எப்படி?

கேள்வி: ஊட்டி அருகே நீர்போகத்தில் (தை, மாசியில் தொடங்கும் பாசனப் பருவம்) நட்ட உருளைக்கிழங்குக்கு 60 நாள் ஆகிறது. அடி இலைகளின் மேல்பக்கம் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். மேன்கோசெப் பூஞ்சணக்கொல்லியை இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. காற்றில் உள்ள ஓசோன் வாயுவின் பாதிப்பு என்கிறார்கள். இங்கே ஆலையே கிடையாதே?

பதில்: ஆலை பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வாகனம், அனல்மின் நிலையம், வைக்கோல் எரிப்பு இவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது அது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்று ஊரைத் தாண்டிவிடும். நகரத்துக்குள் புதுப்புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடே ஓசோனை அழித்துவிடுவதால், நகர நடுவைவிடக் காற்று போய்ச் சேரும் கிராமத்தில் அளவு கூடுகிறது. உயரே ஏறிவிட்ட ஓசோன் வாரக்கணக்கில் நிலைத்திருக்கும். குளிர்கால வடகிழக்குக் காற்று வடக்கே உள்ள மாசைத் தெற்கே தள்ளுகிறது. கோடை வெயில் உற்பத்தியைக் கூட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வரும்போதுதான் குறையும். சமவெளியில் ஓசோன் இரவில் வெகுவாகக் குறையும். உங்கள் 2,200 மீட்டர் உயரத்தில் மேல்காற்று கலந்துகொண்டே இருப்பதால் இரவிலும் அவ்வளவாக இறங்காது.

முதலில் உறுதி செய்யுங்கள். 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ஓசோன் புள்ளி நரம்புகளுக்கு இடையே, முதிர்ந்த இலையின் மேல்பக்கத்தில் இருக்கும். இன்னோர் இலை மறைத்த பகுதி பச்சையாகவே இருக்கும். வளையம் வளையமாக இருந்தால் முன்பருவக் கருகல் நோய். விடியற்காலையில் அடிப்பக்கம் வெண்பூசணம் தெரிந்தால் பின்பருவக் கருகல் நோய். நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன்.

ஓசோன்தான் என்றால் மூன்றாவது தெளிப்பு வீண் செலவு. மழை, பனிமூட்டம் தொடர்ந்தால் மட்டும் கருகலுக்காக அடியுங்கள். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளாதீர்கள், மீதிப் பச்சை கிழங்குக்கு உணவு தருகிறது. நிறம் திரும்பட்டும் என்று யூரியாவைக் கூட்டாதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் இலைத்துளை மூடி ஓசோன் குறைவாகவே நுழையும் என்பது உண்மைதான். ஆனால் கிழங்கு பருக்கும் இந்த நேரத்தில் வறட்சியின் இழப்பு அதைவிடப் பெரிது. ஓசோன் பாதிப்பைத் தடுக்கும் எத்திலீன் டையூரியா ஆய்வுத் திடல்களில் பயன்படும் பொருள், வயலுக்குப் பரிந்துரை கிடையாது.

அடுத்த நீர்போகத்தில் இரண்டு மூன்று ரகங்களை நான்கு வரிசை வீதம் அருகருகே நட்டு, எதில் புள்ளி குறைகிறது, கிழங்கு எடை எவ்வளவு என்று குறித்துவையுங்கள். கடைபோகத்துக்கு (ஆவணி வாக்கில் நடும் பருவம்) மாற்றினால் ஓசோன் குறையும், ஆனால் பின்பருவக் கருகல் கூடும். அந்தத் தெளிப்புச் செலவையும் கணக்கில் எடுத்து முடிவெடுங்கள்.