பழைய வீட்டோடு வந்த திருட்டு அலாரம்: ஒயரை வெட்டுவதற்கு முன்னால்

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கீபேட், மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி, வெளிச்சுவரில் சைரன் என்று திருட்டு அலாரமும் வீட்டோடு வந்தது. அதற்குப் போடும் ரகசிய எண், அதாவது கோடு, என்னவென்று விற்றவருக்கே மறந்துவிட்டதாம். ஒரு வாரமாக நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' என்று கத்துகிறது, ராத்திரியில் தூக்கம் இல்லை. ஒயரை வெட்டி எறிந்துவிடலாமா, இல்லை சரிசெய்து பயன்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். வெளிச்சுவரில் இருக்கும் சைரனுக்குள் பெரும்பாலும் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இரும்புப் பெட்டியிலிருந்து, அதாவது பேனலிலிருந்து, கரண்ட் வந்துகொண்டிருக்கும் வரை அது சும்மா இருக்கும், வரவு நின்ற நொடியில் யாரோ ஒயரை அறுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு சொந்த பேட்டரியில் அலற ஆரம்பித்துவிடும். திருடன் ஒயரை வெட்டினால் ஊரைக் கூட்ட வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். ஏணியில் ஏறி நிற்கும்போது காதுக்குப் பக்கத்தில் அது திடீரென்று அலறினால் கை நழுவி விழ வாய்ப்பு இருக்கிறது, எனக்குப் பெரிய பயமே அதுதான்.

உங்களைத் தூங்கவிடாத அந்த 'பீப்' அனேகமாக பேட்டரியின் புலம்பல். இரும்புப் பெட்டிக்குள் செங்கல்லைப் பாதியாக வெட்டியது போல ஒரு லெட் ஆசிட் பேட்டரி இருக்கும், வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர். கரண்ட் போனால் அலாரத்தைத் தாங்குவது இதுதான். ஆயுள் 3 முதல் 5 வருடம். விற்றவருக்குக் கோடே மறந்துபோகும் அளவுக்கு அலாரம் கிடந்திருக்கிறது என்றால், பேட்டரியை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ!

முதலில் கோடு விஷயம். சரியான கோடு போடாமல் பெட்டியின் மூடியைத் திறந்தாலே சைரன் அடிக்கும், உள்ளே அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கோடு இரண்டு வகை: தினமும் அலாரத்தைப் போடுவதற்கும் அணைப்பதற்கும் வீட்டுக்காரர் கோடு, அமைப்பை மாற்றுவதற்கு இன்ஜினியர் கோடு. விற்றவரிடம் இன்னொரு முறை கேளுங்கள், நினைவில் இல்லை என்றாலும் பழைய நோட்டில் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். சைரன் மேலேயோ பெட்டி மேலேயோ பொருத்திய கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தால் அவர்களுக்கு போன் செய்யுங்கள், வீடு உங்களுடையது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் மாடல் பெயரைப் பார்த்து அதன் கையேட்டைத் தேடுங்கள். பல பேனல்களில் மெயினையும் பேட்டரியையும் கழற்றி, போர்டில் இரண்டு பின்களைச் சேர்த்துப் பிடித்தபடி கரண்ட் கொடுத்தால் கோடு பழையபடி, தயாரித்த கம்பெனி முதலில் வைத்த கோடாகிவிடும். சில பேனல்களில் பொருத்தியவர் இந்த வழியையும் பூட்டி வைத்திருப்பார், அப்போது போர்டையே மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

கோடு இல்லாமலே பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால் பகலில் செய்யுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள், காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அந்த லைனின் மெயினை அணையுங்கள், அப்புறம் மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். சைரன் கொஞ்ச நேரம் அலறித்தான் ஓயும். பெட்டிக்குள் ட்ரான்ஸ்பார்மருக்கு வரும் பக்கம் வீட்டு மின்சாரம் அப்படியே வருகிறது, மற்ற ஒயர்களில் ஓடுவது குறைந்த வோல்டேஜ். அந்த ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

எந்த ஒயரையும் அவிழ்ப்பதற்கு முன் போனில் நாலைந்து போட்டோ எடுங்கள், டெர்மினல் நம்பர் தெளிவாகத் தெரியும்படி. இன்னொன்று, இதை எலக்ட்ரீசியன்கள்கூடக் கவனிக்காமல் விடுகிறார்கள்: சில வீடுகளில் புகை சென்சாரும் இதே பேனலில்தான் கோர்த்திருக்கும். கூரையைப் பாருங்கள். அங்கே ஒயரோடு வட்டமாக ஒன்று இருந்து அது இந்தப் பெட்டிக்கு வந்தால், மாற்று ஏற்பாடு செய்யாமல் பேனலை அணைத்துப் போடாதீர்கள்.

பேட்டரியைச் சோதிக்கும்போது எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்தால் 13.6, 13.7 வோல்ட் என்று அருமையாகக் காட்டும். அது பேனல் சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ், பேட்டரியின் வலு இல்லை. கழற்றித் தனியாக வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.7 பக்கம் நின்றால் நம்பலாம், 12-க்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். பக்கவாட்டில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், உப்பியிருந்தால் மீட்டரே தேவையில்லை. பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது, பேட்டரி கடையில் கொடுங்கள். புதியது அதே வோல்ட், அதே அளவு, சிவப்பு ஒயர் பிளஸ்ஸில். மாற்றிய உடனே 'பீப்' நிற்காவிட்டாலும் பதற வேண்டாம், சில பேனல்கள் பேட்டரியைத் தானாகச் சோதிக்க ஒரு நாள் வரை எடுத்துக்கொள்ளும்.

பேனல் உயிரோடு வந்ததும் முதல் வேலை எல்லாக் கோடுகளையும் மாற்றுவது. விற்றவர், அவர் வீட்டில் வேலை செய்தவர்கள், முன்பு குடியிருந்தவர்கள் என்று யார் யாருக்கு அந்தக் கோடு தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய ரிமோட்டுகளையும் நீக்கிவிடுங்கள். பேனலிலிருந்து போன் செய்யும் வசதி இருந்தால் அதில் இன்னும் விற்றவரின் நம்பர்தான் இருக்கும். உங்கள் வீட்டில் கதவு உடையும்போது அவருக்கு போன் போய் என்ன பயன்? அதோடு அந்த இணைப்பு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பழைய லேண்ட்லைனும் 3ஜியும் பல நாடுகளில் நிறுத்தப்பட்டு வருகின்றன, பேனல் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும், மறுமுனையில் ஒன்றும் இருக்காது.

சென்சார்களில் பெரிதாக ஒன்றுமில்லை. கதவில் இருப்பது காந்தமும் ஒரு சின்ன சுவிட்சும், இருபது வருடம்கூட ஓடும். மரக்கதவு இறங்கி இடைவெளி கூடியிருந்தால் நகர்த்தி வைத்தால் போதும். அசைவு சென்சாருக்குள் சிலந்தி கூடு கட்டினால் காரணமில்லாமல் அலாரம் அடிக்கும், திறந்து துடையுங்கள், அப்புறம் சோதனை முறையில் போட்டு அறை அறையாக நடந்து பாருங்கள்.

சரி, பேனல் தேறவே தேறாது என்றால்? அப்போதும் சுவருக்குள் போன ஒயரையும் சென்சாரையும் விட்டுவைத்து, பேனல், கீபேட், சைரன் மூன்றை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஒயர் சென்சாரை ஏற்றுக்கொள்ளும் புதுப் பேனல்கள் இருக்கின்றன. ஒயர் முனையில் இருக்கும் சின்ன ரெசிஸ்டரின் (மின்தடையின்) மதிப்பு மட்டும் புதுப் பேனலுக்குப் பொருந்த வேண்டும், பேனலுக்குப் பேனல் அது மாறும். அலாரமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், அலாரம் இருப்பதாகச் சொல்லி நீங்கள் கட்டும் தொகையைக் குறைத்திருந்தால் அவர்களிடம் தெரிவிக்காமல் கழற்றக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு புது பேட்டரியின் மேல் அன்றைய தேதியை மார்க்கரால் எழுதுங்கள். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏறவிட்டு, மறுநாள் அந்த லைனின் மெயினை அணைத்து நாலு மணி நேரம் விட்டு வையுங்கள். கீபேடில் வெளிச்சம் அப்படியே இருந்து, அலாரத்தைப் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்தால் சைரனும் அடித்தால் வேலை முடிந்தது.