கொரோனா காலத்தில் 'சாமி பார்த்துக்கொள்ளும்' என்று சடங்கு, திருவிழாவுக்குப் போனது தவறா?

தவறுதான். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். இங்கே மாரியம்மன் திருவிழா ஈஸ்டர் சமயத்தில் நடக்கும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு அப்போதுதான் விடுமுறை கிடைத்தது. அம்மனும் அனுசரித்துக்கொண்டாள். மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் புனித வெள்ளியன்று கால் வைக்க இடம் இருக்காது. 2020-இல் மார்ச் 26 நள்ளிரவு ஊரடங்கு தொடங்கியது. புனித வெள்ளி ஏப்ரல் 10. கோயில் பூட்டியே கிடந்தது.

பக்கத்து வீட்டு ஆயா வருஷம் தவறாமல் பால்குடம் எடுப்பவர். பாவம், உடைந்துபோவார் என்று நினைத்தேன். வீட்டு விளக்கின் முன் ஒரு சொம்பு பாலை வைத்துக் கும்பிட்டார், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மை போட்டால் வாசலில் இலை கட்டுவோமே தம்பி, எதற்கு? வெளியாள் வராதே என்றுதானே? இந்தத் தடவை ஊருக்கே கட்டியிருக்கிறது" என்றார். (சொன்னது ஆங்கிலத்தில். 'அம்மை', 'தம்பி' மட்டும்தான் தமிழ். இந்தத் தலைமுறையிடம் மிச்சமிருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சொற்கள்தான்.)

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அம்மை கண்ட வீட்டுக்கு விருந்தாளி வரமாட்டார்; தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டார் எங்கும் போகமாட்டார்கள். எங்கள் பாட்டி அதை பக்தி என்றாள். 2020-இல் அதையே தனிமைப்படுத்தல் என்றார்கள்.

சரி, என் கதை. ஜூலையில் முதல் அலை உச்சத்தில் இருந்தது. இறுதிச் சடங்குக்கு 50 பேருக்கு மேல் கூடாது, வீடுகளில் கூட்டமே கூடாது என்று விதி. மனைவி வழி உறவில் ஒரு சாவு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டிலேயே கூடினோம். காலையிலிருந்து எனக்குத் தொண்டை கரகரவென்றிருந்தது. மிளகு கஷாயம் குடித்தேன், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினேன். போகாவிட்டால் பேச்சு வரும் என்ற பயம்தான் உண்மையான காரணம். சாமியைச் சாக்காகச் சொன்னேன். ஜன்னல் சாத்திய அறையில் ஒரு மணி நேரம் தேவாரம் பாடினோம். பேசுவதைவிடப் பாடும்போது மூச்சுத் துளிகள் அதிகம் கிளம்பும் என்பதெல்லாம் அப்புறம் படித்தது.

ஒரு வாரத்துக்குள் எனக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் தொற்று உறுதியானது. ஒரு பெரியவர் இரண்டு வாரம் ஆக்சிஜனில் கிடந்து மீண்டார். அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கும் நோய் அது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. "உன்னால்தான் என்று இல்லையே" என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அன்று காலை என் தொண்டை கரகரத்தது எனக்குத் தெரியுமே.

நான் அறைக்குள் அடைந்து கிடந்தபோது ஆடி மாசம் பிறந்திருந்தது. ஆயா முகக்கவசத்தோடு வந்து எங்கள் கேட்டில் சிரிங்கா இலைக்கொத்து ஒன்றைக் கட்டினார். இங்கே வேம்புக்குப் பதில் அதுதான். கூழ்ச் சட்டியை மதில்மேல் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.